லைன் கொடுத்தது யார்

தங்கா பத்துவில் மூன்று நாளாக மழை. கூரை ஒழுகவில்லை. பின்பக்கச் சாக்கடை மட்டும் கொஞ்சம் நிரம்பி நிற்கிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. எப்போதும் நீளமாக எழுதுகிறவள் இந்தத் தடவை இரண்டே வரி எழுதியிருந்தாய். "எங்கம்மா பன்னண்டு வருஷமா என் பேர எழுதுனதே இல்ல. நீங்க யாரு?"

நியாயமான கேள்வி. நான் விஜயராணி, உன் பெரியம்மா. இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் பெயரைச் சொன்னால் உனக்குப் பாதிதான் விளங்கும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். உட்கார்ந்து படி. ஆறாம் மாதத்தில் நின்றுகொண்டே இருந்தால் கால் வீங்கும்.

நீ அந்தச் சீனப் பையனைக் கட்டிக்கொண்டு பெர்த் போய்ச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. உன் அப்பா சாமிக்கண்ணு எங்களை பெம்பான் தோட்டத்து முனீஸ்வரன் கோயிலுக்கு அழைத்துப் போனார். தட்டில் சூடத்தை ஏற்றி உன் அம்மா ஜெயமணி முன்னால் நீட்டினார்.

"அவ பேரு இனிமே உன் வாயில வரக்கூடாது. அவகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. அடிச்சு சத்தியம் பண்ணு."

ஜெயமணி உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள். கை பொசுங்கியது. திரும்பி வரும்போது காரின் பின் சீட்டில் என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "எழுதக்கூடாதுன்னு அவரு சொல்லலைலக்கா?"

"சொல்லல," என்றேன்.

உன் அம்மா உன்னை ஒருநாளும் தொலைபேசியில் கூப்பிடாததற்கும், உன்னைக் கூப்பிடவிடாததற்கும் இதுதான் காரணம். சத்தியம் செய்ததை அவளே உனக்கு எழுதியிருக்கிறாள். பேசினால் சத்தியம் போய்விடும், எழுதினால் போகாது. உன் பெயரை ஏன் எழுதுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "எழுதும்போது உள்ளுக்குள்ள வாய் சொல்லிடுதுக்கா," என்றாள். அதனால் அவளுக்கு நீ 'கண்ணு' ஆனாய்.

உன் அப்பாவுக்குப் பயந்து, எழுதி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் மடிக்கணினியில் மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிடுவாள். கடவுச்சொல்லை எழுதிய காகிதத்தையும் கிழித்துப் போட்டுவிடுவாள். அடுத்த தடவை அது மறந்திருக்கும். என் பக்கத்து வீட்டு காளிதாஸ்தான் அதற்கு ஒரு வழி செய்து கொடுத்தார். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடவுச்சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் செயலியை ஜெயமணியின் ஹேண்ட்போனிலும் மடிக்கணினியிலும் போட்டுவிட்டார்.

"பூட்டு எத்தனை இருந்தாலும் சாவி ஒன்னுதான்க்கா. ஹேண்ட்போன்ல பெருவிரல வெச்சாலே போதும், தொறந்துக்கும்."

"அப்ப இது ஒரு லாச்சி மாதிரிலா," என்றாள் ஜெயமணி. மேசை இழுப்பறையைச் சொல்வது போல, அன்றிலிருந்து அவளுக்கு அது லாச்சி. கரண்டு, தண்ணீர், வங்கி, உன் அப்பாவின் பென்ஷன் என்று எல்லாம் சேர்ந்து இருபத்து மூன்று கடவுச்சொற்கள் அதில் இருந்தன. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

உன் அப்பா போனதும், மூன்றே மாதத்தில் அவளுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். அவளை நான் பெம்பான் வீட்டிலிருந்து என்னோடு கூட்டிக்கொண்டு வந்தேன். முப்பது வருடம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு லைன் கொடுத்தவள் நான். கல்யாணம் ஆகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பதினொரு வருடம் ஒரு தட்டு, ஒரு டம்ளர். மீன் வாங்கப் போனால் பசாரில் பாதி மீன் வெட்டித் தரமாட்டான். அதனாலேயே மீனை விட்டிருந்தேன்.

ஜெயமணி வந்த பிறகு முழு மீன் வாங்கினேன்.

"உப்பு போட்டியா, இல்ல உப்புப் போத்தல தூரமா நின்னு காட்டுனியா?"

"உனக்கு பிரஷர், ஜெயா. வாய மூடிட்டு சாப்புடு."

"ஒரு பக்கம் மூடித்தானே கெடக்கு. இன்னொரு பக்கத்தையும் மூடணுமா?"

அவள் நோயை நான் விரும்பினேன் என்று எழுதமாட்டேன். அவள் தேறி வர வேண்டும் என்றுதான் தினமும் கையில் தைலம் தேய்த்துவிட்டேன். ஆனால் நடக்க முடியாதவள் எங்கேயும் போகமாட்டாள் என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன புரட்டாசியில் உன் அப்பாவுக்குத் தலைத்திவசம் கொடுத்தோம். படையலை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஜெயமணி சொன்னாள்: "அக்கா, வாயால பேசமாட்டேன்னுதான் சத்தியம். கண்ணால பாக்கலாம்ல. வந்து என்னைய கூட்டிட்டுப் போன்னு அவளுக்கு எழுதப் போறேன்."

"எழுது," என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் மடிக்கணினியில் எழுத உட்கார்ந்தாள். திவசம் முடிந்த பிறகு செத்தவர் சாமான்களை வீட்டிலிருந்து ஒதுக்குவது வழக்கமில்லையா. லாச்சியில் உன் அப்பா பெயரில் இருந்தவற்றை முதலில் எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். இடது கையால் அழுத்தினதில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அழிக்கட்டுமா என்று கேட்டது. சரி என்றாள். குப்பையையும் காலி செய்யட்டுமா என்று கேட்டது. அதற்கும் சரி என்றாள். இருபத்து மூன்றும் போய்விட்டன.

அது நான் செய்ததில்லை. நான் செய்ததை மட்டும்தான் ஒத்துக்கொள்வேன்.

கடவுச்சொல் மறந்துவிட்டது என்று மின்னஞ்சலில் கேட்டால், பெம்பானில் வைத்திருந்த பழைய தொலைபேசி எண்ணுக்குச் சரிபார்ப்புக் குறியீடு போனது. அந்த எண்ணை நிறுத்தி எட்டு மாதம். எண்ணும் எழுத்துமாக நீளமான உன் மின்னஞ்சல் முகவரி அவளுக்கு மனப்பாடம் இல்லை. காளிதாஸ் ஃபேஸ்புக்கில் தேடினார். நீ அங்கே இல்லை. அப்புறம் காளிதாஸ் கேட்டார்:

"பழைய ஹேண்ட்போன் எங்கக்கா? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

பெம்பானிலிருந்து கொண்டுவந்த பையில் கிடந்தது, அணைந்து போய். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, லாச்சி காலியான சேதி இதுக்கு இன்னும் தெரியாது. லைன் இல்லாம தூங்கிக்கிட்டு இருந்துச்சில்ல. உள்ள இருபத்து மூணும் அப்படியே இருக்கும். சார்ஜ் ஏத்தி, லைன் குடுக்காம தொறந்து, எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டா அப்புறம் இதுலேர்ந்தே மேல ஏத்திடலாம்."

"லைன் குடுத்தா?" என்று கேட்டது நான்.

"குடுத்தா கதை முடிஞ்சுது. மேல இன்டர்நெட்ல இருக்கிற லாச்சி காலியா இருக்கில்ல, அதப் பாத்து இதுவும் தன்னைக் காலி பண்ணிக்கும். இந்த வீட்டு வைஃபை இதுக்குத் தெரியாது, அது நல்லதாப் போச்சு. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க."

அந்த ஹேண்ட்போனுக்குப் பழைய மாதிரி முனை வைத்த சார்ஜர் வேண்டும். மகள் வீட்டில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று புதன்கிழமை. அதே மாதிரி சார்ஜர் என் அலமாரியில் இருந்தது. நான் சொல்லவில்லை.

அன்று முழுக்க ஜெயமணி அந்த ஹேண்ட்போனை மடியில் வைத்திருந்தாள். "அவ வந்தா எங்கக்கா படுக்க வைக்கிறது? உன் மெத்தை ஒரே கல்லு," என்றாள். பிறகு, "நான் போயிட்டா நீ என்னக்கா பண்ணுவ?" என்றும் கேட்டாள். என்னை விட்டுப் போவதைப் பற்றி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். "பாதி மீன் வாங்குவேன்," என்றேன். அவள் சிரித்தாள்.

வியாழன் காலையில் அவள் குளிக்கும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றினேன். ஹேண்ட்போனைத் திறக்கும் எண் உன் பிறந்த வருடம். அது எனக்குத் தெரியும். லாச்சிக்குத்தான் அவள் பெருவிரல் வேண்டும். மத்தியானம் அவள் தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கையில், தினமும் போலத் தரையில் உட்கார்ந்து வலது கைக்குத் தைலம் தேய்த்தேன். அந்தக் கையில் அவளுக்கு உணர்ச்சி கிடையாது. பெருவிரலைத் துணியால் துடைத்து, அவள் மடிக்குக் கீழே மறைத்து வைத்திருந்த ஹேண்ட்போனில் வைத்தேன். திறந்துகொண்டது. அவள் நாடகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த மாமியாரு நாசமாப் போவா பாருக்கா," என்றாள்.

சமையலறைக்குப் போய் அஞ்சலின் கடவுச்சொல்லை மட்டும் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு வீட்டு வைஃபையைப் போட்டேன்.

திரையின் மேலே இருபத்து மூன்று என்று இருந்தது. ஒரு வட்டம் சுற்றியது. பிறகு அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு விநாடி ஆகியிருக்கலாம். இன்னும் நேரம் எடுக்கும், நடுவில் மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காளிதாஸ் சார்ஜரோடு வந்தார். ஹேண்ட்போன் ஏற்கெனவே சார்ஜ் ஏறியிருந்ததைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்:

"லைன் குடுத்தது யாரு?"

நான் ஜெயமணியைப் பார்த்தேன். சாப்பிட்டோமா இல்லையா என்றே அவளுக்குச் சில நாள் மறந்துவிடும். "நேத்து மத்தியானம் சார்ஜர் கேட்டு வாங்குனியே ஜெயா. வைஃபை நம்பரும் கேட்ட. நான்கூட வேணாம்னு சொன்னேன்."

"நானா?"

"ஞாபகம் இல்லியா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் சந்தேகப்படவில்லை. முந்தின நாள் மத்தியானத்தைத்தான் தனக்குள் தேடிக்கொண்டிருந்தாள். அது கிடைக்கவில்லை. பிறகு நல்ல கையால் செத்த கையை ஓங்கி ஓங்கி அடித்தாள். "இந்தக் கைதான்க்கா. இந்தச் சனியன்தான்."

காளிதாஸ் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நான் அவள் கையைப் பிடித்து, "விடு ஜெயா, விடு. வலிக்கப் போகுது," என்றேன். அந்தக் கைக்கு வலிக்காது என்பது எனக்குத் தெரியும்.

மடிக்கணினியை நான் என் அறைக்கு எடுத்துக்கொண்டேன். பார்க்கப் பார்க்க மனசு கஷ்டப்படுமென்று சொன்னேன். அவளும் சரி என்றாள். உன் கடிதங்களை எல்லாம் படித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. கடைசிக் கடிதத்தில் நீ, "ம்மா, நான் வரவா? ஒரு வார்த்தை சொல்லுங்க, டிக்கெட் எடுத்துடறேன்," என்று எழுதியிருந்தாய். பதில் போகாவிட்டால் நீ கிளம்பி வந்துவிடுவாய். ஆகவே எழுதினேன்: "கண்ணு, சத்தியத்த எறக்கணும்னா கோயில்ல நாள் பாக்கணும். அதுவரைக்கும் வராத. டாக்டரும் ப்ளேன் வேணாங்கிறாரு. நேரம் வரும்போது நானே சொல்றேன். அம்மா."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். கோயிலில் நாள் பார்க்கவும் இல்லை. நீ அதை நம்பினாய். சூடத்தை அடித்த கையைப் பற்றி உனக்குத் தெரியும், அதனால் காத்திருந்தாய்.

கெட்டவர்கள் செய்வது போல நான் செய்யவில்லை. உனக்கு மறுமொழி தவறியதே கிடையாது. ஜெயமணிக்கும் என்னால் ஆனதைச் செய்தேன். தினமும் காலையில் கேட்பாள்:

"அவ எழுதியிருப்பாளாக்கா?"

"எழுதாம இருப்பாளா?"

"என்னன்னு எழுதியிருப்பா?"

முந்தின நாள் நீ எழுதியதைச் சொல்வேன். "இப்ப அங்க வெயில் காலமில்ல. கொல்லையில தக்காளி நட்டிருப்பா. காக்கா வந்து கொத்திட்டுப் போயிருக்கும். அவ புருஷன் தொடப்பத்த எடுத்துக்கிட்டு வெரட்டியிருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு தாங்காது. "உனக்கு எப்படிக்கா இதெல்லாம் தோணுது? பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்ற. சொல்லு, இன்னும் சொல்லு." நான் சொல்வேன். உன் ஒரு கடிதத்தை மூன்று நாள் வைத்துச் சொல்வேன். அப்படிப் பார்த்தால் உன் கடிதம் எதுவும் அவளுக்குப் போய்ச் சேராமல் இல்லை. உன்னிடமிருந்து வந்தது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லை.

மாசி மாதம் மறுபடியும் இழுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வாய் குழறியது, ஆனால் எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"மலர்க்கொடி வந்துட்டாளாக்கா?"

பன்னிரண்டு வருடம் கழித்து அவள் வாயில் உன் பெயர். சத்தியத்தை அவளே இறக்கிவிட்டாள்.

"வந்துக்கிட்டு இருக்கா," என்றேன்.

அன்று காலை வந்த உன் கடிதம் என் ஹேண்ட்போனில் இருந்தது. "ம்மா, நீங்க பேச வேணாம். நான் பேசறேன், நீங்க சும்மா கேட்டாப் போதும். சத்தியம் ஒன்னும் ஆகாது. இதான் என் நம்பர்." எண் இருந்தது. ஹேண்ட்போன் கையில் இருந்தது. லைனும் நன்றாக இருந்தது. கட்டிலில் அவள் காது என் கையிலிருந்து ஒரு முழ தூரம். உன் குரல் கேட்டால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். சாகும் நேரத்தில் அக்காளைப் பற்றி அப்படியொன்றை அவள் தெரிந்துகொண்டு போக வேண்டாமே என்று ஹேண்ட்போனைப் பைக்குள் வைத்தேன். நாலரை மணிக்கு அவள் போய்விட்டாள்.

உன் அப்பாவின் தம்பி மகன் வடிவேலு கொள்ளி வைத்தான். சாம்பலைக் கடலில் கரைத்தோம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பார்த்தால், எப்படி இருக்கீங்க என்று கேட்டிருந்தாய். "நல்லா இருக்கேன் கண்ணு. ஃபோன் மட்டும் வேணாம்," என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது? அன்றைக்கு உனக்கும் எனக்கும் வேறு யார் இருந்தார்கள்?

அதன் பிறகு வந்த ஆறு மாதக் கடிதங்களும் எனக்கே வந்தவை. தலைவலியா என்று கேட்டாய், சாப்பிட்டீர்களா என்று கேட்டாய். என்னை அப்படிக் கேட்க இந்த உலகத்தில் ஆள் இருந்ததில்லை. போன வாரம், இத்தனை வருடம் கழித்துக் குழந்தை தங்கியிருக்கிறது, ஆறு மாதம் ஆகும்வரை பயந்துகொண்டு சொல்லவில்லை என்று எழுதினாய். படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். அவள் கடைசியாகச் சொன்ன பெயர் என் வாயிலேயே இருந்திருக்க வேண்டும். "என் மலர்க்கொடி" என்று எழுதிவிட்டேன். அதைத்தான் நீ கண்டுபிடித்தாய்.

லைன் கொடுத்தது நான். உன் அம்மாவை உனக்காக ஏங்க வைத்துச் சாகவிட்டது நான். பிறகு அவளாக இருந்து உனக்கு எழுதியதும் நான். மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். இதை யாரிடம் காட்ட வேண்டுமானாலும் காட்டு.

கோபப்படுவாய். அதற்கு உனக்கு உரிமை உண்டு, கொஞ்ச நாள் எடுத்துக்கொள். ஆனால் தலைப்பிரசவத்துக்கு ஒரு தாய் பக்கத்தில் இல்லாமல் முடியாது. அம்மா வந்தால் தங்குவதற்கென்று பின்னறைக்குச் சாயம் அடித்து ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். நேற்றுப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். ஜன்னலோரக் குளிர் எனக்கு ஆகாது. கட்டிலைச் சுவர்ப் பக்கமாக நகர்த்திப் போடச் சொல்.